கன்னத்துக்கு எட்டாத கட்டை

விமான நிலையத்தில் பறவை விரட்டுகிற வேலை என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அவள் அந்த வேலையில் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியும், தெருவில் பாதிப் பேர் அவள் விமானத்துக்குள் பெருக்கித் துடைக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் திருத்தப் போகவில்லை. ஓடுதளத்தை ஒட்டிய புல்லில் பருந்தோ கொக்கோ மைனாக் கூட்டமோ இறங்கினால் ஜீப்பில் போக வேண்டும். முதலில் ஒலிபெருக்கி. அதற்கு மசியாவிட்டால் வெடி. வெடிக்கும் மசியாவிட்டால் துப்பாக்கி. வானத்தில் சுட்டாலே பெரும்பாலும் கலைந்துவிடும். கலையாத ஒன்றிரண்டைக் குறிபார்த்துத்தான் சுட வேண்டியிருக்கும்.

ஆள் குள்ளம், ஒல்லி. சேர்ந்த அன்றைக்குக் கொடுத்த மஞ்சள் சட்டையின் கை அவள் விரல்களைத் தாண்டித் தொங்கியது. "முழு ஆள் கேட்டா முக்கால் ஆளை அனுப்பியிருக்காங்கப்பா" என்று யாரோ சொல்ல, அன்றையிலிருந்து 'முக்கால்' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் தையல்காரர். அந்தச் சட்டையைப் பிரித்து, வெட்டி, ஒரே சாயங்காலத்தில் அவள் அளவுக்குத் தைத்துக் கொடுத்துவிட்டார். பேரைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

முக்காலிடம் ஒரு குணம் உண்டு. யாரையும் எடுத்த எடுப்பில் நம்ப மாட்டாள். கடையில் சாமான் வாங்கும்போது தராசைப் பார்க்க மாட்டாள், கடைக்காரரின் கண்ணைப் பார்ப்பாள். யாராவது காரணமில்லாமல் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டால் போதும், சாயங்காலம் வரை அந்தச் சிரிப்பைப் பிரித்து மேய்வாள். "இவ கண்ணாடியில தெரியற ஆள்கிட்டயே நீ யாருன்னு கேட்டுட்டுத்தான் தலை வாருவா" என்பார் வீட்டுக்காரர். அதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். அந்த ஒரு சிரிப்பை மட்டும் அவள் விட்டுவிடுவாள்.

இப்படிப்பட்டவளுடைய கையில்தான் அந்தப் புதுத் துப்பாக்கி வந்து சேர்ந்தது.

பழையது ஒற்றைக் குழல். எந்தக் காலத்திலோ யாருக்கோ செய்தது. சின்னதாக, அவளுக்கென்றே வார்த்தது போல் இருக்கும். அதன் குழலில் மயிரிழை விரிசல் ஒன்று தெரிகிறது என்று ஒரு நாள் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக எங்கிருந்தோ இரட்டைக் குழல் ஒன்றை வரவழைத்தார்கள். புத்தம் புதியது, பளபளவென்று இருந்தது. பறவைப் பிரிவில் மூன்று பேர். மேற்பார்வையாளர் ஒருவர், அவர் ஆறடிக்கு மேல். ஜீப் ஓட்டுகிற கனத்த மனிதர் ஒருவர். அப்புறம் இவள். முதல் நாளே, குறி பழகுவதற்காக வானத்தில் பறக்கவிட்ட களிமண் தட்டுகளில் மேற்பார்வையாளர் பத்துக்கு ஒன்பதைச் சுட்டு உடைத்தார். ஜீப்காரர் எட்டு. "வெண்ணெய் மாதிரி போகுதும்மா" என்று துப்பாக்கியை இவளிடம் நீட்டினார்.

இவளுக்கு வெண்ணெய் மாதிரி போகவில்லை. தோளில் வைக்கிற மரக்கட்டை நீளமாக இருந்தது. தூக்கி நிறுத்துவதற்குள் அதன் அடிப்பாகம் அக்குள் துணியில் மாட்டியது. எப்படியோ தோளுக்குக் கொண்டுவந்து, விசையை எட்டிப் பிடித்துச் சுட்டால், கன்னத்தில் பளாரென்று ஒரு அறை. கண்ணில் பொறி பறந்தது. தட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. பத்துக்கு மூன்று.

"பழகிடும்" என்றார் மேற்பார்வையாளர்.

அவள் தலையாட்டினாள். வலிக்கிறது என்று சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். 'பெண்பிள்ளைக்கு இது ஒத்துவராது' என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்பிவிடுவார்கள். மேற்பார்வையாளருடைய தங்கை மகன் ஒருவன் வேலை இல்லாமல் இருக்கிறான் என்று போன மாதம்தான் காதில் விழுந்திருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட அவளுக்கு வேறு ஆள் வேண்டுமா?

இரண்டு வாரத்தில் வலது கன்ன எலும்பின் மேல் ஒரு நீலம் நிலைத்துவிட்டது. ஒன்று மஞ்சளாகிக் கரைவதற்குள் அதன் மேலேயே அடுத்தது. மாரின் மேல்பக்கம், கட்டையின் கீழ்முனை குத்துகிற இடத்தில், இன்னொன்று. அது சட்டைக்குள் மறைந்துவிடும். கன்னத்தை எங்கே மறைப்பது? பவுடர் அப்பிக்கொண்டு போனாள்.

"கன்னத்துல என்னம்மா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"அலமாரிக் கதவு இடிச்சிடுச்சு சார்."

அடுத்த வாரமும் கேட்டார்.

"குளியலறையில வழுக்கிட்டேன் சார்."

அவர் அவள் கன்னத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதினார். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சட்டென்று மூடிப் பையில் போட்டுக்கொண்டார். அந்த நோட்டு அன்றிலிருந்து அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் அவளுக்கு உறுத்தியது. துப்பாக்கியும் தோட்டாவும் எடுத்துக் கொடுக்கிற கிடங்குக்காரரிடம் மேற்பார்வையாளர் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார். இவள் தலை தெரிந்ததும் இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். ஒரு தடவை மேற்பார்வையாளர், "கொஞ்ச நாளைக்கு ஆபீஸ்ல உக்கார்ந்து எழுத்து வேலை பார்க்கிறீங்களா? உங்களுக்கும் ஒரு ஓய்வா இருக்கும்" என்றார். இன்னொரு தடவை, ஜீப்காரர் இல்லாத நேரம் பார்த்து, "வீட்டுக்காரர் குடிப்பாராம்மா?" என்று கேட்டார்.

"டீ குடிப்பார்" என்றாள் வெடுக்கென்று.

வீட்டு விஷயத்தை எதற்குத் தோண்டுகிறார்? குடும்பத்தில் நிம்மதி இல்லை, அதனால் வேலையில் கவனம் இல்லை என்று எழுதவா? அந்த நோட்டில் இதுவும் ஏறியிருக்கும்.

தோட்டாவில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றியது. தனக்கு மட்டும் கனமான தோட்டாவாகப் பார்த்துக் கொடுக்கிறாரோ கிடங்குக்காரர்? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓய்வறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, தனக்குக் கொடுத்த தோட்டா ஒன்றையும், ஜீப்காரரின் தோட்டா வாரில் மிச்சமிருந்த ஒன்றையும் பிளேடால் வாயைக் கீறித் திறந்தாள். ஈயக் குண்டுகளை இரண்டு தட்டில் கொட்டி எண்ணினாள். ஜீப்காரருடையதில் இருநூற்று அறுபத்தெட்டு. அவளுடையதில் இருநூற்று எழுபத்தொன்று. மூன்று குண்டு கூட. அந்த மூன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். கடுகளவு ஈயம், கன்னம் நீலம் பாய இது போதாது என்று அவளுக்கே தெரிந்தது. இருந்தாலும் மூன்று மூன்றுதானே என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

அரையாண்டுச் சோதனை வந்தது. இருபத்தைந்து தட்டுகளுக்குப் பதினைந்து உடைக்க வேண்டும். வழக்கமாகப் பத்தொன்பது, இருபது வாங்குகிறவள் எட்டோடு நின்றாள். ஆறு வாரம் கழித்து மறுசோதனை. அதிலும் தவறினால் பறவைப் பிரிவு இல்லை, மூட்டை முடிச்சுகளுக்குச் சீட்டு ஒட்டுகிற பிரிவு.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். வந்தவள் தங்கையின் கன்னத்தைப் பார்த்தாள். அப்புறம் தையல் மெஷினில் குனிந்திருந்த தங்கை வீட்டுக்காரரைப் பார்த்தாள். மறுபடி கன்னத்தைப் பார்த்தாள்.

"தம்பி, கடை வரைக்கும் போய் ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வாங்களேன்."

"பால் இருக்கே அண்ணி."

"இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்குகிற சத்தம் ஓய்ந்ததும் அக்கா கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நாளா நடக்குது?"

"என்னது?"

"என்கிட்ட மறைக்காதேடி. நான் உன் கூடப் பொறந்தவ."

"அய்யோ அக்கா, துப்பாக்கி இடிச்சது. புதுத் துப்பாக்கி. நிஜமாவே."

அக்கா பெருமூச்சு விட்டாள். "கதவு இடிச்சதுன்னு சொல்வாங்க. படியில விழுந்தேன்னு சொல்வாங்க. துப்பாக்கி இடிச்சதுன்னு சொன்ன முதல் ஆள் நீதான்."

இரண்டு பால் பாக்கெட்டோடு வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது அக்கா அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "அடக்கி வாசிக்கச் சொல்லு" என்று தங்கையிடம் அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவர் பால் பாக்கெட்டுகளை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அந்த வாரம் முழுக்கவே அவர் அதிகம் பேசவில்லை. தையல் கடையை வழக்கத்தைவிடச் சீக்கிரம் பூட்டினார். ஏன் என்று கேட்டால், "வேலை கம்மி" என்றார். தையல் சீசனில் என்ன வேலை கம்மி? முக்காலுக்கு இப்போது அவர் மேலும் ஒரு கண் விழுந்தது.

மறுசோதனைக்கு நாலு வாரம் இருக்கும்போது, விடுப்பு நாள் ஒன்றில், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி நகரத்தின் மறுகோடிக்குப் போனாள். அங்கே துப்பாக்கி பழுதுபார்க்கிற கடை ஒன்று இருந்தது. கம்பிக் கதவு, உள்ளே இன்னொரு கம்பிக் கதவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் மட்டும் நிற்கலாம். கடைக்காரருக்கு அவள் வயதுதான் இருக்கும். நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார். உள்கதவைத் திறக்கவில்லை.

"சொல்லுங்க."

"துப்பாக்கியோட கட்டையைக் கொஞ்சம் சின்னதாக்கணும். எவ்வளவு குறைக்கலாம்னு கேட்க வந்தேன்."

"துப்பாக்கி எங்க?"

"கொண்டு வரலை."

"லைசென்ஸ்?"

"என் பேர்ல இல்லைங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கன்னத்தில் வந்து பார்வை நின்றது. "சின்னதாக்கினா என்ன, பையில வைக்கணுமா?"

"தோள்ல வைக்கணும்" என்றாள் கோபமாக. விமான நிலைய அடையாள அட்டையைக் கம்பி வழியாக நீட்டினாள். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார், நகத்தால் ஓரத்தைச் சுரண்டிக்கூடப் பார்த்தார். தன்னைப் போலவே ஒரு பிறவி இங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அது ஒரு விதத்தில் ஆறுதலாகவும் இருந்தது. அட்டையில் இருந்த தொலைபேசி எண்ணை அவர் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டதை அவள் கவனித்தாள். கேட்கவில்லை.

கடைசியில் உள்கதவு திறந்தது. குழல் இல்லாத வெறும் மரக்கட்டை ஒன்றை எடுத்து, கனம் சரியாக இருக்க முன்பக்கம் ஒரு இரும்புக் குழாயை முடுக்கி அவளிடம் கொடுத்தார்.

"உங்களுதும் இதே நீளம்தானா? சரி. கண்ணை மூடிக்கிட்டுத் தோளுக்குக் கொண்டு வாங்க. வந்ததும் திறங்க. திறந்த பிறகு எதையும் சரி பண்ணாதீங்க."

அவள் செய்தாள். அவர் முன்னால் வந்து பார்த்தார், பக்கத்தில் வந்து பார்த்தார், ஒரு ஸ்கேலை அவள் மூக்குக்கும் கட்டைவிரல் முட்டிக்கும் நடுவில் பிடித்தார்.

"இங்க ரெண்டு விரல் இடைவெளி இருக்கணும். உங்களுக்குக் கையே நுழையுது. கட்டை தோள் குழியில உக்காரவே இல்லை, மேல்கையில நிக்குது. விசையைப் பிடிக்கக் கழுத்தை நீட்டறீங்க. நீட்டினாலும் கன்னம் மரத்துல ஒட்டலை. பாருங்க, வெளிச்சம் தெரியுது."

"அதனாலதான் அடிக்குதா?"

"கன்னம் கட்டை மேல ஒட்டி இருந்தா அது தள்ளும். விலகி இருந்தா அறையும். உங்களை மாசக் கணக்கா அறைஞ்சிருக்கு." இப்போதுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அடி விழும்னு தெரிஞ்சதும் உடம்பு தானா சுருங்கும். கண்ணு மூடும். அப்புறம் எங்கேர்ந்து தட்டு உடையும்?"

அவள் தையல்காரர் மனைவியில்லையா, அளவு என்றதும் முழங்கையை மடக்கிக் காட்டினாள். "முழங்கை மடிப்புல கட்டையை வச்சு விரல் விசைக்கு எட்டுதான்னு பார்த்தா போதும்னு ஜீப்காரர் சொன்னாரே."

"அது செருப்பைக் கையில போட்டுப் பார்த்து வாங்கற மாதிரி. கை நீளம் ஒண்ணு. கழுத்து நீளம் வேற. தோள் அகலம், கன்ன எலும்பு, எல்லாம் வேற வேற."

"பசங்களுக்குன்னு சின்னதா ஒரு கட்டை வருதாமே. அதைக் கேட்டு வாங்கிப் போட்டா?"

அவர் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாரும் அதைத்தான் தலையில கட்டுவாங்க. குள்ளமா இருக்கறவங்க எல்லாம் சின்னப் பசங்கன்னு நினைப்பு. நீளம் சரியா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா மேல்பக்கம் தாழ்வா இருக்கும். உங்க கழுத்துக்கும் கன்னத்துக்கும் மேல்பக்கம் உசரணும். இப்ப இருக்கறதைவிட அரை விரலாவது. கனமும் குறைஞ்சிடக் கூடாது. லேசான துப்பாக்கி தூக்க சுகம், சுட்டா இன்னும் உதைக்கும். அப்புறம் அடிப்பக்கம்..." அவர் தயங்கி, தன் மாரின் மேல்பக்கத்தையே தொட்டுக் காட்டினார். "இங்க குத்துதா?"

அவள் தலையாட்டினாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"கீழ்முனையைக் கொஞ்சம் வெளியே சாய்ச்சு வெட்டினா குத்தாது. பிடியும் பருமனா இருக்கு, இழைக்கணும்."

ஒரு சீட்டில் நாலு எண்களை எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அதை எத்தனை தடவை பிரித்து மடித்தாள் என்று கணக்கில்லை. கன்னத்தில் இருந்த வலி அவளுடைய குற்றமில்லை என்று முதல் முறையாக ஒரு சீட்டு சொன்னது. ஆனால் அவளுக்கு வேறு மாதிரியும் ஓடியது. அளவு தெரிந்தேதான் இந்தத் துப்பாக்கியை வாங்கினார்களா?

மறுநாள் காலை கிடங்குக்குப் போனால், கிடங்குக்காரர் அவள் கண்ணைப் பார்க்காமல், "உங்களுக்குத் துப்பாக்கி கொடுக்க வேண்டாம்னு உத்தரவு. சார் கூப்பிடறார்" என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். பயம் பாதி, ஆத்திரம் பாதியாக மேற்பார்வையாளர் அறைக்குள் நுழைந்தாள். மேஜை மேல் அந்த நோட்டு இருந்தது.

"உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க." அவரே தண்ணீர் ஊற்றினார். "நேத்து துப்பாக்கிக் கடையிலேர்ந்து போன் வந்தது. உங்க ஆள் ஒருத்தர் துப்பாக்கியைச் சின்னதாக்கணும்னு வந்தார், நிஜமாவே உங்க ஆளான்னு கேட்டாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை."

"நான் தப்பா ஒண்ணும் பண்ணலை சார்."

"பண்றதுக்கு முன்னாடிதான் கூப்பிட்டேன்." அவர் நாற்காலியை நெருக்கி இழுத்துக்கொண்டார். "நான் சொல்றதைப் பொறுமையா கேளுங்க. எவ்வளவு கஷ்டம் இருந்தாலும் அந்த வழி வேண்டாம். உங்க வீட்டுக்காரரை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

அவளுக்குப் புரியவில்லை. "எங்க வீட்டுக்காரரை நான் என்ன பண்ணப் போறேன்?"

அவர் நோட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். தேதியும் கிழமையும் போட்டு எழுதியிருந்தது. *திங்கள், வலது கன்னம், அலமாரிக் கதவு என்கிறார். வியாழன், அதே இடம், வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார். கணவர் பற்றிக் கேட்டேன், கோபப்படுகிறார்.* இரண்டு பக்கத்துக்கு இப்படி. கடைசியில், பெண்களுக்கு உதவி செய்கிற ஒரு அமைப்பின் தொலைபேசி எண்.

"பின்னாடி கேஸுன்னு வந்தா தேதி வேணும்னு அந்த அமைப்புல சொன்னாங்க" என்றார் அவர். "அதுக்குத்தான் குறிச்சு வச்சேன். ஆபீஸ்ல உக்காருங்கன்னு சொன்னதும் அதனாலதான். துப்பாக்கி உங்க கையில இருக்க வேண்டாம்னு பட்டது, கிடங்குக்காரர்கிட்டயும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

முக்கால் அந்தப் பக்கங்களைப் படித்தாள். ஒரு வரி விடாமல், கடைசி வரை. சிரிப்பு வந்தது, அதைத் தாண்டிக்கொண்டு அழுகை வந்தது. மாசக்கணக்காக வீட்டில் அந்த மனுஷன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்க, இங்கே ஒரு நோட்டில் அவர் குற்றவாளியாகிக்கொண்டிருந்தார். அதற்குச் சாட்சி சொன்னது அவளே. அலமாரிக் கதவு என்றது யார்? வழுக்கினேன் என்றது யார்?

"சார், நீங்க என் கூடக் குறி பழகற மைதானத்துக்கு வாங்க. எப்பவும் பின்னாடிதானே நிப்பீங்க? இன்னைக்குப் பக்கத்துல நில்லுங்க."

அவர் யோசித்தார். அப்புறம் துப்பாக்கியைத் தானே எடுத்து வந்து, ஒரே ஒரு தோட்டாவைக் கொடுத்தார். அதற்கு மேல் கொடுக்க அவருக்கு இன்னும் மனசு வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தவறில்லை, அவளாக இருந்தால் அந்த ஒன்றைக்கூடக் கொடுத்திருக்க மாட்டாள். ஜீப்காரர் தட்டைப் பறக்கவிட்டார். அவள் சுட்டாள். தட்டு அது பாட்டுக்குப் போய் முழுசாகப் புல்லில் இறங்கியது. மேற்பார்வையாளர் தட்டைப் பார்க்கவில்லை. அவள் கன்னத்தில் மரம் மோதியதை, தலை பின்னால் தெறித்ததை, ஓரடி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை ஏம்மா சொல்லலை?" என்றார் துப்பாக்கியை வாங்கிக்கொண்டே.

"சொன்னா என்னை எடுத்துட்டு உங்க தங்கச்சி மகனைப் போட்டுடுவீங்கன்னு நினைச்சேன்."

"அவனா?" அவர் அசந்துபோனார். "அவனுக்குக் கோழியைக் கண்டாலே பயம்மா."

அவள் அந்தச் சீட்டை நீட்டினாள். நாலு எண்களையும் அவர் படித்தார். மறுநாளே கடிதம் எழுதினார், ஆனாலும் காரியம் உடனே நடந்துவிடவில்லை. புதுத் துப்பாக்கியின் மரத்தை வெட்டுவதா என்று மேலிடத்தில் ஒருவர் மறுத்தார். பசங்கள் கட்டையை வாங்கிக்கொள்ளுங்கள் என்று இன்னொருவர் எழுதினார். மேற்பார்வையாளர் இரண்டாவது ஆளுக்குப் பதில் எழுதும்போது, 'பணியாளர் வளர்ந்த பெண்மணி, அவருக்குக் கழுத்து உண்டு' என்று எழுதியதாக ஜீப்காரர் பிற்பாடு சொல்லிச் சிரித்தார். மறுசோதனைக்குப் பத்து நாள் இருக்கையில் கடைக்காரரே நேரில் வந்து அளவெடுத்தார். கட்டையைக் குட்டையாக வெட்டி, அடிமுனையைச் சாய்த்து, தடித்த ரப்பர் ஒட்டினார். வெட்டிய நீளத்துக்கு மரத்துண்டுகள் செய்து, நெட்டை ஆள் சுடும்போது திருகாணியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று காட்டினார். கன்னம் படுகிற மேல்பகுதியை அறுத்தெடுத்து, ஏற்றி இறக்குகிற மாதிரி இரண்டு கம்பியில் பொருத்தினார். பிடியை அவள் கைக்கு இழைத்துக்கொண்டே, "அன்னைக்குப் போன் பண்ணினதுக்குக் கோவமா?" என்றார்.

"இல்லை. நானா இருந்தாலும் பண்ணியிருப்பேன்" என்றாள்.

முதல் தோட்டாவுக்கு உடம்பு பழக்கதோஷத்தில் சுருங்கியது. அறை விழவில்லை. தோளில் ஒரு தள்ளு, அவ்வளவுதான். அதை நம்புவதற்கு அவளுக்கு நாலு நாள் பிடித்தது. நாற்பது ஐம்பது தோட்டா தீர்ந்த பிறகுதான் கண் தானாகத் திறந்திருக்கக் கற்றுக்கொண்டது. மறுசோதனையில் பதினேழு. பழைய இருபது இல்லை, ஆனால் போதும். மேற்பார்வையாளர் கைகொடுத்தார். அவர் சிரித்த சிரிப்பை அன்று சாயங்காலம் அவள் பிரித்து மேய்ந்து பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை.

வீட்டில் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டு விஷயத்தையும் சேர்த்துத்தான். வீட்டுக்காரர் கடைசி வரை கேட்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தரிக்கோலை மேஜையில் வைத்தார்.

"ரெண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றார். "மேல் தெரு டீச்சரம்மாவும், மருந்துக் கடைக்காரர் பொண்டாட்டியும். ஏன்னு சொல்லலை. உன் கன்னத்தைப் பார்த்தவங்க. எனக்குப் புரிஞ்சது. எப்படிப் போய்ச் சொல்றது, நான் அடிக்கலைன்னு? கேட்காதவங்ககிட்ட அதைச் சொன்னா, அடிச்சவன்தான் சொல்வான்னு ஆயிடும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீ ஏற்கனவே ஊரையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தே. அதுல இதையும் எதுக்குச் சேர்க்கறதுன்னு விட்டுட்டேன்."

வேலை கம்மி என்று அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. அதைக்கூட அவள் கிளறிப் பார்த்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தாள். தங்கையின் கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். துளி நீலம் இல்லை. அக்காவின் முகம் மலர்ந்தது. "பார்த்தியா, அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னதுக்கு அப்புறம் அடங்கிட்டார்" என்றாள் காதோடு. முக்கால், துப்பாக்கிக் கட்டையின் நீளத்தையும் கன்ன எலும்பையும் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினாள். அக்கா பொறுமையாகக் கேட்டு, "சரிடி, சரி. நல்லா இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையிடம் முதல் முறையாக மன்னிக்கிற தொனியில் பேசினாள். அவர் அந்த மன்னிப்பை ஒரு வார்த்தை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வேலை முடிந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் முக்கால் மேல் தெருவுக்குப் போனாள். டீச்சரம்மா கதவைத் திறந்தாள். முக்கால் எல்லாவற்றையும் சொல்லி, துப்பாக்கி பிடிக்கிற மாதிரி கையை வைத்துக் கன்னத்தில் எங்கே இடித்தது என்று நடித்துக்கூடக் காட்டினாள். டீச்சரம்மா அவள் கன்னத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் திருப்பி வாங்கிப் போன அதே துணியைக் கொண்டுவந்து, "போன தடவை கழுத்து கொஞ்சம் இறக்கமா போச்சு, இந்தத் தடவை பார்த்துத் தைக்கச் சொல்லுங்க" என்று அவள் கையில் கொடுத்தாள்.

மருந்துக் கடைக்காரர் மனைவி வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "அவர்தான் உங்களை அனுப்பினாரா?" என்றாள்.

முக்கால் கோபப்படவில்லை. "இல்லைங்க. அவருக்கு நான் வந்தது தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, டீச்சரம்மாவின் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வீட்டுக்காரர் தையல் கடையைப் பூட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று வேகமாக நடந்தாள்.